கனவு நாட்டில் அழுக்கு வேலை யாருக்கு?



கஷ்டமே இல்லாத நாட்டைக் கற்பனை செய்து எழுதும் கதைக்கு 'உட்டோப்பியா' கதை என்று பெயர். படிக்க ஜாலியா இருக்கும். ஆனால் உள்ளே ஓர் அரசியல் கொள்கை ஒளிந்திருக்கும். அதைக் கண்டுபிடிக்க நான் ஒரு கேள்வி வைத்திருக்கிறேன்: 'அந்த நாட்டில் அழுக்கு வேலையை யார் செய்கிறார்கள்?'

1. தாமஸ் மோர் (இங்கிலாந்து, 1516): 'உட்டோப்பியா' என்ற பெயரே இவர் நூலிலிருந்து வந்ததுதான். அங்கே சொந்தச் சொத்து இல்லை. தினம் 6 மணி நேரம்தான் வேலை. தங்கத்தில் மலச்சட்டி செய்வார்கள்! சபாஷ் என்று படித்தால், ஆடு மாடு வெட்டவும் கடினமான வேலைக்கும் அடிமைகள். அப்போ சமத்துவம் எல்லோருக்கும் இல்லை.

2. பேகம் ரொக்கையா (வங்காளம், 1905): 'சுல்தானாவின் கனவு' முதலில் வெளிவந்தது நம்ம மெட்ராஸ் பத்திரிகையில்தான், 'இந்தியன் லேடீஸ் மேகசின்'. அந்த நாட்டைப் பெண்கள் ஆளுகிறார்கள். ஆண்கள் வீட்டுக்குள் அடைபட்டு சமையலைப் பார்க்கிறார்கள். சூரிய வெப்பத்தில் சமையல், அதனால் புகையே கிடையாது. பெண்களைப் பூட்டிவைப்பது எப்படி இருக்கும் என்று ஆண்களுக்குப் புரியவைக்கத் தலைகீழாக எழுதினார். ஆனாலும் பாதிப் பேர் பூட்டுக்குள்தானே?

3. பெரியார் (1940-களில்): 'இனிவரும் உலகம்' கதை அல்ல, கற்பனைக் கட்டுரை. ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் கம்பியில்லாத் தந்திக் கருவி இருக்கும் என்றார், இன்று செல்போன் வந்துவிட்டது. இழிவான வேலையே இருக்காது, எல்லாம் இயந்திரம் பார்த்துக்கொள்ளும் என்றார். அது இன்னும் முழுசா வரவில்லை. சாக்கடைக்குள் ஆள் இறங்கிச் சாகும் செய்தியை இப்பவும் படிக்கிறோம்.

சரி, நம்ம ஏரியாவுக்கு வருவோம். அனல்மின் நிலையத்தின் கரண்ட் ஊருக்கெல்லாம் போகிறது. சாம்பல் மட்டும் கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் தங்கிவிடுகிறது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூரில் அமோனியா வாயு கசிந்தபோது, அம்மா என் மூக்கில் ஈரத்துணியை வைத்து ரோட்டுக்கு இழுத்து வந்தார். கண் எரிச்சல் தாங்கல. ஊர் முன்னேற்றம் என்ற கனவிலும் ஒரு பங்கு அழுக்கு இருக்கிறது. அது யார் பக்கம் வந்தது என்று அன்றைக்குத் தெரிந்தது.

தோழர்களே, நாளைக்கு யாராவது 'பொன்னான நாடு அமைப்போம்' என்று மேடையில் பேசினால் கை தட்டுங்கள், தப்பில்லை. தட்டியதும் என் கேள்வியையும் கேட்டுவிடுங்கள்!

– 11-ஆம் வகுப்பு மாணவி