மரவேடம் பூண்ட டவரும் நமது மொட்டைமாடியும்



சொந்தக் கட்டிடத்தில் கடை வைத்திருப்பவருக்கு மொட்டைமாடி வருமானம் தராத இடம். வற்றல் காய வைக்கவும் தண்ணீர்த் தொட்டி வைக்கவும் மட்டுமே அது பயன்படும். அந்த இடத்துக்கு மாதந்தோறும் வாடகை தருகிறோம் என்று ஒருவர் வந்தால் மனம் இளகுவது இயற்கை. அதிலும், "டவர் என்றே தெரியாது ஐயா. தென்னை மரம் போலவோ தொட்டி போலவோ செய்து வைத்துவிடுவோம். பக்கத்து வீட்டுக்காரர் கேள்வி கேட்க மாட்டார்" என்றும் சொன்னால், கையெழுத்துப் போடத் தோன்றும்.

அந்தக் கடைசி வாக்கியத்தில்தான் கவனம் வேண்டும். டவர் பார்க்க எப்படி இருக்கும் என்ற ஒரு கேள்விக்கு மட்டுமே வேடம் பதில் சொல்கிறது. கட்டிடம் தாங்குமா, புயலில் நிற்குமா, கதிர்வீச்சு அளவுக்குள் உள்ளதா, ஒப்பந்தம் யாருக்குச் சாதகம் என்ற கேள்விகள் அப்படியே நிற்கின்றன. அவற்றை யார் கேட்பது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

வேடம் வந்த விதம்

1992-ல் அமெரிக்காவின் டென்வர் நகரில் பைன் மரம் போன்ற செல்போன் டவர் ஒன்று நிறுத்தப்பட்டது. 1996-ல் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் பனை இனத்து மரம் போல ஒன்று வந்தது. பிறகு பல நாடுகளில் தேவாலயக் கோபுரம், கொடிக்கம்பம், புகைபோக்கி, தண்ணீர்த் தொட்டி எனப் பல வேடங்கள் தோன்றின. ரேடியோ அலை இரும்புத் தகட்டை ஊடுருவாது. கண்ணாடி இழைப் பிளாஸ்டிக்கை ஊடுருவும். எனவே மறைப்புகளை அந்தப் பொருளில் செய்கிறார்கள்.

வேடம் போடுவது தவறான செயல் அன்று. பழைமையான வீதிகளின் அழகு கெடாமல் இருக்க அது உதவும். ஆனால் அண்டை வீட்டாருக்குத் தெரியாமல் காரியத்தை முடிக்க வேடத்தைப் பயன்படுத்தினால், அது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் கதைதான். ஜெனரேட்டர் ஓடும்போதும், ஆட்கள் ஏணி கொண்டு வரும்போதும் தெரு முழுக்கத் தெரிந்துவிடும்.

ராஸ்வெல் நகர வழக்கு

மரவேட டவர் ஒன்றை ஒரு நகர மன்றம் பரிசீலித்த விதம், அமெரிக்க உச்சநீதிமன்றத் தீர்ப்பில் விரிவாகப் பதிவாகியுள்ளது. நமக்கும் அதில் பாடம் உண்டு.

ஜார்ஜியா மாநிலத்தின் ராஸ்வெல் நகரில், வீடுகள் சூழ்ந்த ஒரு காலி மனையில் 108 அடி உயர டவர் வைக்க டி-மொபைல் நிறுவனம் 2010 பிப்ரவரியில் விண்ணப்பித்தது. பார்வைக்குப் பைன் மரம் போல இருக்கும் என்றது. நகரின் திட்டப் பிரிவு சில நிபந்தனைகளோடு அனுமதிக்கலாம் என்று பரிந்துரைத்தது. ஆனால் 2010 ஏப்ரல் 12-ல் நடந்த பொது விசாரணையில் குடியிருப்போர் எதிர்ப்புத் தெரிவித்தனர். சுற்றியுள்ள மரங்களைவிட இந்த 'மரம்' உயரமாக நிற்கும், அழகு கெடும், வீட்டு மதிப்பு குறையும் என்றனர். மன்றம் ஒருமனதாக விண்ணப்பத்தை நிராகரித்தது.

இரண்டு நாள் கழித்து மன்றம் நிறுவனத்துக்குக் கடிதம் அனுப்பியது. அதில் நிராகரிப்பு மட்டும் இருந்தது, காரணம் இல்லை. காரணங்கள் அடங்கிய கூட்ட நடவடிக்கைக் குறிப்பு, கடிதம் போய் 26 நாட்களுக்குப் பிறகே வெளிவந்தது. நிறுவனம் வழக்குத் தொடர வேண்டிய கெடுவோ 30 நாள். வழக்கு அமெரிக்க உச்சநீதிமன்றம் வரை சென்று 2015 ஜனவரி 14-ல் தீர்ப்பானது. நிராகரிப்புக்கான காரணங்களை எழுத்தில் தர வேண்டும்; அவை கடிதத்திலேயே இருக்க வேண்டியதில்லை, ஆனால் ஏறத்தாழ அதே வேளையில் வெளிவர வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. அந்த இடத்தில் நகர மன்றம் தோற்றது.

இதில் மூன்று பாடங்கள் உள்ளன. முதலாவது, மரவேடம் போட்டாலும் விசாரணை தவிராது. இரண்டாவது, மக்கள் பக்கம் நியாயம் இருந்தாலும் எழுத்தும் தேதியும் பிசகினால் வழக்கு கைநழுவிப் போகும். கணக்குப் புத்தகம் எழுதும் நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மூன்றாவது, 1996-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டப்படி, கதிர்வீச்சு மத்திய அரசின் அளவுக்குள் இருந்தால் அதைக் காரணமாகக் காட்டி உள்ளூர் மன்றம் மறுக்க முடியாது. தோற்றம், இடம், உயரம் ஆகியவற்றையே அது பேச முடியும்.

நமது நாட்டில் நிலை என்ன?

2016-ல் வந்த தந்தி வழியுரிமை விதிகளின்படி, உரிய அதிகாரி 60 நாட்களுக்குள் விண்ணப்பத்தின் மீது முடிவெடுக்க வேண்டியிருந்தது; தவறினால் அனுமதி அளித்ததாகவே கொள்ளப்பட்டது. மறுப்பதானால் விண்ணப்பதாரரின் விளக்கத்தைக் கேட்டு, காரணத்தை எழுத்தில் பதிய வேண்டியிருந்தது. 2022 ஆகஸ்டில் வந்த திருத்தம் இன்னும் ஒரு படி போனது. தனியார் இடத்தில் டவர் வைக்க அதிகாரியின் அனுமதி தேவையில்லை, முன்கூட்டியே எழுத்து மூலம் தகவல் தந்தால் போதும் என்றது. கட்டிட விவரத்தையும், கட்டிடம் தாங்கும் என்று ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் தரும் சான்றையும் அத்தகவலோடு இணைக்கச் சொன்னது. பின்னர் வந்த 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும், 2025 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய வழியுரிமை விதிகளும், தனியார் இடத்தைப் பொறுத்தவரை உரிமையாளருடன் செய்யும் உடன்படிக்கையையே அடிப்படையாகக் கொண்டுள்ளன.

இதன் பொருளை நன்கு உணர வேண்டும். ராஸ்வெல் நகரில் மன்றம் கூடி, குடியிருப்போரை அழைத்துக் கேட்ட கேள்விகளை, இங்கே உங்கள் கடை மேசையில் நீங்களே கேட்டாக வேண்டும். டவருக்கும் தெருவுக்கும் இடையே உள்ள முக்கியமான காவல், மாடி உரிமையாளரின் கையெழுத்து. ஆழம் தெரியாமல் காலை விட்டால் சிரமம் அவருக்கு மட்டும் இல்லை, அக்கம்பக்கம் அனைவருக்கும்தான்.

புதுச்சேரியின் தனித்தன்மை

புல்வார்களுக்கு உட்பட்ட பழைய நகரில் வீடும் கடையும் சுவரோடு சுவராக ஒட்டியே நிற்கின்றன. கீழே கடை, மேலே குடும்பம் என்பதே பல வீதிகளின் அமைப்பு. பழைய கட்டிடங்களில் மேல்தளம் கான்கிரீட் அன்று. தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல் அடுக்கி, சுண்ணாம்புக் காரையில் போட்ட மெட்ராஸ் டெரஸ். மனிதர் நடமாட்டத்துக்குப் போட்ட அந்தத் தளத்தில் இரும்புக் கம்பம், ஆன்டெனா, பேட்டரிப் பெட்டி எனச் சுமை ஏற்றுவது வேறு விஷயம். கடற்கரைச் சாலையில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கட்டிய மேரி கட்டிடம் 2014 நவம்பர் 29-ல் மழையின்போது இடிந்து விழுந்ததை நாம் மறந்துவிடவில்லை. பிறகு அது புதிதாகக் கட்டப்பட்டு 2021-ல் திறக்கப்பட்டது. ஓர் அரசுக் கட்டிடத்துக்கு நேர்ந்தது நம் கட்டிடத்துக்கும் நேரலாம்.

அடுத்தது காற்று. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தது. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறி, ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. வெறும் கம்பத்தைவிட, செயற்கை ஓலை கட்டிய கம்பமும் அகலமான மறைப்புப் பெட்டியும் அதிகக் காற்றை வாங்கும். அழகுக்காகச் சேர்த்த ஒவ்வொரு மட்டையும் புயல் நாளில் கட்டிடத்தின் மீது விழும் சுமை. இன்ஜினியர் சான்று மறைப்பையும் சேர்த்துக் கணக்கிட்டதா என்று பார்ப்பது அவசியம்.

பாரம்பரியப் பட்டியலில் உள்ள கட்டிடமோ, அதை ஒட்டிய கட்டிடமோ ஆனால், புதுச்சேரி நகர அமைப்புக் குழுமத்தில் முன்கூட்டியே எழுதிக் கேட்டுப் பதில் பெறுங்கள். வேடத்துக்கு உண்மையான பயன் அத்தகைய வீதிகளில்தான் உண்டு.

கதிர்வீச்சு பற்றி

இதில் பயமுறுத்துவோரும் உண்டு, அலட்சியம் செய்வோரும் உண்டு. உண்மை நிலை வருமாறு: 2012 செப்டம்பர் 1 முதல் இந்தியாவில் டவர் அலைகளுக்கான வரம்பு, சர்வதேச ஆணையம் பரிந்துரைத்ததில் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டது. 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு ஒரு சதுர மீட்டருக்கு 4.5 வாட் என்பது 0.45 வாட் ஆயிற்று. 2013-ல் மீறலுக்கான அபராதம் 5 லட்சத்திலிருந்து 10 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2011 மே மாதம் ரேடியோ அலைகளை 'புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாக இருக்கலாம்' என்ற பிரிவில் சேர்த்தது. அதன் பொருள் நிரூபணம் ஆயிற்று என்பது அன்று. சந்தேகம் முற்றிலும் தீரவில்லை என்பதே.

ஆன்டெனாவின் அலை பெரும்பாலும் அது நோக்கும் திசையில் முன்னோக்கிச் செல்கிறது. நேர் கீழே குறைவு. எனவே டவர் உள்ள கட்டிடத்தைவிட, எதிரே அதே உயரத்தில் ஜன்னல் திறந்திருக்கும் வீடே கவனிக்கத்தக்கது. ஓர் ஆன்டெனாவுக்கு நேர் எதிரே 20 மீட்டருக்குள்ளும், இரண்டு ஆன்டெனாவுக்கு 35 மீட்டருக்குள்ளும் அதே உயரத்தில் கட்டிடம் இருக்கலாகாது என்று 2013-ஆம் ஆண்டின் மத்திய அரசு அறிவுரை கூறியது. நமது வீதிகளின் அகலத்தை நினைத்துப் பார்த்தால் இந்த எண்ணின் முக்கியத்துவம் விளங்கும். வேடம் இங்கே தீமையும் செய்யலாம்: ஆன்டெனா எந்தப் பக்கம் நோக்குகிறது என்பதை மறைப்பு காட்டாது.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

1. வந்திருப்பவர் யார்? செல்போன் நிறுவனமா, டவர் நிறுவனமா, வெறும் தரகரா? 'டிராய் அனுமதிக் கட்டணம்', 'காப்பீட்டுத் தொகை' என்று உங்களிடமே பணம் கேட்டால் அது மோசடி. டவர் வைக்க இடம் பிடிப்பதிலோ பணம் வசூலிப்பதிலோ தனக்குத் தொடர்பில்லை என்று டிராய் பலமுறை பொது அறிவிப்பு வெளியிட்டுள்ளது.

2. சான்று தந்த ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் உங்கள் கட்டிடத்தை நேரில் பார்த்தாரா? நிறுவனத்தின் சான்றோடு நிற்காமல், உங்கள் செலவில் இன்னொருவரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

3. கட்டிடம் உங்கள் பெயரில் மட்டும் உள்ளதா? பிரெஞ்சு நொத்தேர் எழுதிய பழைய பத்திரத்தில் பங்காளிகள் பெயர் இருந்தால் அனைவரின் ஒப்புதலும் தேவை. வங்கிக் கடன் இருந்தால் வங்கிக்கும் எழுதுங்கள்.

4. ஆன்டெனாக்கள் எத்தனை, எந்தத் திசை, எந்த உயரம்? வரைபடத்தை ஒப்பந்தத்தோடு இணைத்து, கூடுதல் ஆன்டெனாவுக்குப் புதிய ஒப்புதல் தேவை என்று எழுதுங்கள்.

5. ஜெனரேட்டர் உண்டா? குடியிருப்புப் பகுதியில் ஒலி வரம்பு பகலில் 55, இரவில் 45 டெசிபல்.

6. நிறுவனம் மூடினால் டவரைக் கழற்றுவது யார்? 2018-ல் ஏர்செல் திவாலாகி நம் பகுதியில் அதன் சேவை நின்றது. அப்படிப்பட்ட நாளில் மாடியில் நிற்கும் இரும்பு உங்கள் தலைவலி. கழற்றும் செலவுக்குத் தனி வைப்புத் தொகை கேளுங்கள்.

7. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தே ஆக வேண்டும். ஜி.எஸ்.டி., வருமான வரிப் பிடித்தம், வீட்டு வரி ஆகியவற்றை யார் ஏற்பது என்று ஒப்பந்தத்தில் எழுதுங்கள். டவருக்குச் சொத்து வரி விதிக்கலாம் என்று உச்சநீதிமன்றம் 2016 டிசம்பரில் கூறியது. 2023-ஆம் ஆண்டுச் சட்டமோ டவரை இடத்திலிருந்து தனிப் பொருளாகக் கருதுகிறது. கணக்காளரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரராக நீங்கள் இருந்தால்

எதிர்ப்பைத் தெருவில் பேசுவதோடு நிறுத்தாதீர்கள். நகராட்சி ஆணையருக்கும் நகர அமைப்புக் குழுமத்துக்கும் தேதியிட்டு எழுதி, ஒப்புகை பெறுங்கள். 2006-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட நகராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2011-ல் முடிந்த பிறகு பல ஆண்டுகள் அதிகாரிகளே நிர்வாகம் நடத்தினர். முறையிட வார்டு உறுப்பினர் இல்லாத ஊரில் காகிதம்தான் உங்கள் பிரதிநிதி. இன்ஜினியர் சான்றின் நகலைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம்.

கதிர்வீச்சுப் புகாருக்கு உள்ளூர் அலுவலகம் பயன்படாது. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாடு தொலைத்தொடர்பு உரிமப் பகுதியில் வருவதால் சென்னையில் உள்ள மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் பிரிவை அணுக வேண்டும். மாஹே கேரளப் பகுதியிலும், ஏனாம் ஆந்திரப் பகுதியிலும் சேரும். 2017 மே மாதம் தொடங்கப்பட்ட 'தரங் சஞ்சார்' இணையதளத்தில் அருகிலுள்ள டவரின் விவரம் பார்க்கவும், கட்டணம் செலுத்தி நேரடி அளவீடு கோரவும் வழி செய்யப்பட்டது.

நிறைவாக

டவரே வேண்டாம் என்று வணிகர் சொல்ல முடியாது. தராசுக்குப் பக்கத்தில் கியூ.ஆர். அட்டை வைத்திருக்கிறோம், சிக்னல் இல்லையேல் கல்லா நிறையாது. டவர் எங்காவது ஒரு மாடியில் நின்றாக வேண்டும். அது எந்த மாடி, எந்த நிபந்தனையில் என்பதே கேள்வி.

மாடிக்கு எதிரே குடியிருப்பவர் வேறு யாரும் இல்லை. காலையில் நம் கடையில் காபித்தூள் வாங்கிச் செல்பவர். அவரிடம் வரைபடத்தையும் சான்றையும் முன்பே காட்டி, சந்தேகத்துக்குப் பதில் சொல்லிவிட்டு வைக்கும் டவருக்கு மரவேடம் தேவைப்படாது. அவரிடம் காட்ட முடியாத ஒப்பந்தம் என்றால், வாடகை எவ்வளவு என்றாலும், அதில் கையெழுத்திட வேண்டாம்.