குண்டின் வேகத்தை ஊசல் சொல்லுமா?



கார்த்திகைத் தீபத்தையொட்டித் திருவண்ணாமலையில் முளைக்கும் விழாக் கடைகளில் பலூன் சுடும் கடையும் ஒன்று. பலகையில் வரிசையாகப் பலூன்கள். எதிரே ஒரு காற்றுத் துப்பாக்கி. அத்தகைய கடையில் சுட்டுவிட்டு வந்த மாணவர் ஒருவர் மறுநாள் ஆய்வுக்கூடத்தில் என்னிடம் கேட்டார்: "சார், 'ஸ்லக்' என்று ஒரு புதுக் குண்டு வந்திருக்கிறதாம். பழைய குண்டைவிட வேகமாகப் போகும் என்கிறார்கள். உண்மைதானா?"

"அளந்து பார்த்துவிட்டுச் சொல்வோமே" என்றேன். கண்ணுக்கே தெரியாமல் பறக்கும் குண்டின் வேகத்தை எப்படி அளப்பது? அதையே இக்கட்டுரையில் காண்போம்.

இரு வகைக் குண்டுகள்

காற்றுத் துப்பாக்கியில் வெடிமருந்து இல்லை. சாதாரண வகையில், அழுத்தி வைக்கப்பட்ட சுருள்வில் விடுபடும்போது ஒரு பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் காற்றை இறுக்க, அந்தக் காற்று குண்டை வெளியே தள்ளுகிறது. எனவே, ஒவ்வொரு முறையும் குண்டுக்குக் கிடைக்கும் ஆற்றல் ஏறத்தாழ ஒரே அளவுதான்.

பழைய ஈயக் குண்டை உற்றுப் பாருங்கள். சிவபெருமான் கையிலுள்ள உடுக்கையைப் போல இடை சிறுத்திருக்கும். அதன் பின்பகுதி உள்ளே குழிந்து மெல்லியதாக இருக்கும். காற்றின் அழுத்தத்தால் அது விரிந்து குழலின் சுவரோடு ஒட்டிக்கொள்வதால் காற்று வீணாகக் கசிவதில்லை. பறக்கும்போது பின்பகுதியின் மீது காற்றுத்தடை மிகுதியாகச் செயல்பட்டு, குண்டின் முகத்தை முன்னோக்கியே வைத்திருக்கிறது.

ஸ்லக் அப்படியன்று. அதற்கு இடுப்பு இல்லை. சிறிய உருளை போன்றது. பொதுவாக எடை கூடியது. குழலின் உட்புறத்தில் வெட்டப்பட்டுள்ள திருகுப் பள்ளங்கள் தரும் சுழற்சியை நம்பியே அது நேராகப் பறக்கிறது. சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதைப் போன்றதே இதுவும்.

கடலூரில் மறைந்த அறிஞர்

குண்டின் வேகத்தை அளக்கும் வழியை 1742-இல் நூலாக வெளியிட்டவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர். கனமான ஊசல் ஒன்றில் குண்டைப் பாய்ச்சி, ஊசல் எவ்வளவு தூரம் ஆடுகிறது என்பதை அதனுடன் இணைந்த நாடாவைக் கொண்டு அவர் அளந்தார். காற்றுத்தடை, அக்காலத்தவர் எண்ணியதைவிட மிகப் பெரியது என்பதையும் காட்டினார். கணித மேதை ஆய்லர் 1745-இல் இந்நூலை ஜெர்மன் மொழியில் பெயர்த்து விளக்கவுரையும் எழுதினார்.

ராபின்ஸின் இறுதிக் காலம் நம் மண்ணோடு தொடர்புடையது. கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராகக் கோட்டைகளைச் சீரமைக்க வந்த அவர், 1751-இல் காய்ச்சலுற்றுக் கடலூரிலுள்ள செயின்ட் டேவிட் கோட்டையில் இறந்தார்.

அளக்கும் முறை

ஏறத்தாழ 400 கிராம் நிறையுள்ள மரக்கட்டை ஒன்றின் முகத்தில் களிமண்ணைத் தடித்து அப்பி, 1 மீட்டர் நீளமுள்ள நான்கு நூல்களால் தொங்கவிடுகிறோம். நான்கு நூல்கள் இருந்தால் கட்டை முறுக்கிக்கொள்ளாது. குண்டு களிமண்ணில் புதைந்ததும் கட்டை பின்னோக்கி நகரும். அந்த நகர்வை அளவுகோலில் குறிக்கிறோம். துப்பாக்கியிலிருந்து வரும் காற்றும் கட்டையைத் தள்ளக்கூடும். ஆகவே, இடையில் துளையிட்ட அட்டை ஒன்றை மறைப்பாக நிறுத்துகிறோம்.

இப்போது கணக்கு. குண்டு 0.5 கிராம் என்றும், கட்டை 6.4 செ.மீ. நகர்ந்தது என்றும் கொள்வோம். 1 மீட்டர் ஊசலில், மீட்டரில் அளந்த நகர்வை 3.13 ஆல் (9.8-இன் வர்க்கமூலம்) பெருக்கினால் கட்டையின் தொடக்க வேகம் கிடைக்கும். விடை, வினாடிக்கு 0.2 மீட்டர். உந்தம் அழிவதில்லை. எனவே, குண்டின் நிறை × வேகம் = கட்டையின் நிறை × வேகம். (குண்டின் நிறை மிகச் சிறிதாகையால் வலப்புறத்தில் அதைச் சேர்க்கவில்லை.) கட்டை குண்டைப் போல 800 மடங்கு கனமானது. ஆகவே, குண்டின் வேகம் 0.2 × 800 = வினாடிக்கு 160 மீட்டர்.

இங்கே ஒரு தவறு நேரக்கூடும். உந்தத்திற்குப் பதிலாக இயக்க ஆற்றலைச் சமன்செய்தால், குண்டின் வேகம் வினாடிக்கு 5.7 மீட்டர் என்று வரும். அது மிதிவண்டியின் வேகம்! தவறு எங்கே? குண்டின் இயக்க ஆற்றல் 6.4 ஜூல், மோதிய பின் கட்டைக்கு இருப்பதோ 0.008 ஜூல்தான். மீதி முழுவதும் களிமண்ணையும் ஈயத்தையும் நசுக்குவதிலும் வெப்பமாகவும் செலவாகிவிட்டது.

புதுக் குண்டு வேகமானதா?

அடுத்து 0.7 கிராம் ஸ்லக்கைச் சுடுவதாகக் கொள்வோம். கட்டை 7.6 செ.மீ. நகர்கிறது. "ஊசல் அதிகம் ஆடுகிறது சார், புதுக் குண்டுதான் வேகம்!" என்று மாணவர் துள்ளினார். அவசரப்படலாமா? நீங்களே கணக்கிடுங்கள். வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 135 மீட்டர்தான். ஊசல் காட்டுவது வேகத்தையன்று, உந்தத்தை. அதே 6.4 ஜூல் ஆற்றலைப் பெறும் கனமான குண்டு மெதுவாகச் செல்லும். ஆனால், மிகுந்த உந்தத்தோடு செல்லும். நிறையை அளக்காமல் ஆட்டத்தை மட்டும் பார்த்திருந்தால், சோதனை செய்தும் தவறான முடிவுக்கே வந்திருப்போம்.

வேகம் மட்டும் குண்டின் சிறப்பாகிவிடாது. 10 மீட்டர் தூரத்தைக் கடப்பதற்குள் முதல் குண்டு 1.9 செ.மீ. கீழே விழும், ஸ்லக் 2.7 செ.மீ. விழும். (காற்றுத்தடையை இங்கே கணக்கில் சேர்க்கவில்லை.) எப்போதும் 2.7 செ.மீ. விழுமானால், குறிகாட்டியைச் சற்றுத் திருத்தினால் போதும். ஆனால், ஒரே பெட்டிக் குண்டுகளின் வேகம் 145 முதல் 175 வரை மாறினால், குறி 7 மி.மீ. மேலும் கீழும் அலையும். 10 மீட்டர் போட்டி இலக்கின் மையப்புள்ளியோ அரை மி.மீ. விட்டமே உடையது! இப்போட்டியில் அபினவ் பிந்த்ரா 2008-இல் ஒலிம்பிக் தங்கம் வென்றார். ராபின்ஸ் மறைந்த அதே கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2021, 2024 ஒலிம்பிக்குகளில் இப்போட்டியில் பங்கேற்றார்.

எனவே, புதுக் குண்டு எதுவாயினும் பத்துப் பத்தாகச் சுட்டுப் பாருங்கள். துப்பாக்கி, தூரம் எதையும் மாற்றக் கூடாது. சராசரியை மட்டுமன்றி, மிகக் குறைந்த அளவுக்கும் மிகக் கூடிய அளவுக்கும் உள்ள வேறுபாட்டையும் எழுதுங்கள். முந்தைய குண்டின் ஈயம் குழலில் படிந்திருக்குமாதலால் முதல் சில சுடுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

எச்சரிக்கை

6 ஜூல் என்பது சிறிய எண். ஆனால், கண்ணைப் பறிக்க அது தாராளமாகப் போதும். குண்டு தெறித்துத் திரும்பியும் வரலாம். ஆகவே, துப்பாக்கிச் சோதனையை நீங்களாகச் செய்யாதீர்கள். அது பயிற்சி பெற்ற பெரியவர்களின் மேற்பார்வையில், கண்ணாடி அணிந்து, பின்னால் மணல்மூட்டை அடுக்கிச் செய்ய வேண்டியது. ஈயம் நச்சு, தொட்டால் கையைக் கழுவ வேண்டும்.

நீங்கள் செய்து பாருங்கள்

துப்பாக்கி இல்லாமலே இதே இயற்பியலைச் சோதிக்கலாம். ஒரு தீப்பெட்டியில் மென்மையான களிமண்ணை நிரப்பி, 1 மீட்டர் நூல்களில் மேசை விளிம்பையொட்டித் தொங்கவிடுங்கள். மேசைமீது சரிவாக வைத்து, விளிம்புக்கு முன் மட்டமாக முடியும் அட்டைப் பள்ளத்தின் வழியே ஒரு கோலியை உருட்டிவிடுங்கள். கோலி களிமண்ணில் ஒட்டிக்கொண்டால் தீப்பெட்டி நகரும். கோலியையும் தீப்பெட்டியையும் எடைபோட்டுக் கோலியின் வேகத்தைக் கணக்கிடுங்கள். இங்கே கோலியின் நிறையைப் புறக்கணிக்கக் கூடாது. தீப்பெட்டியின் நிறையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஊசலை அகற்றிவிட்டு, அதே உயரத்திலிருந்து கோலியை உருட்டித் தரையில் விழ விடுங்கள். மேசையின் உயரம் 78 செ.மீ. ஆனால், விழ எடுக்கும் நேரம் 0.4 வினாடி. விளிம்புக்கு நேர்கீழே உள்ள புள்ளியிலிருந்து கோலி விழுந்த இடம் வரை அளந்து, அத்தொலைவை 0.4 ஆல் வகுத்தால் மீண்டும் வேகம் கிடைக்கும். இரு விடைகளும் ஒத்துப்போகின்றனவா? இல்லையென்றால் எந்த அளவீட்டில் பிழை மிகுதி என்று தேடிப் பாருங்கள்.