கைம்மாறும் கைங்கர்யமும்

ஸ்ரீ:
ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

ஒருவர் செய்த உபகாரத்திற்குத் தாமும் ஓர் உபகாரம் செய்து கடன் தீர்ப்பது உலக வழக்கு. இதனை வடமொழியில் ‘ப்ரத்யுபகாரம்’ என்பர். குறையொன்றுமில்லாத எம்பெருமானுக்கு நாம் எதனைத் திருப்பித் தர இயலும்? ஆதலால் அவனருள் பெற்றவர்கள் தம்மையே அவனுக்கு ஆக்கிவிடுவர். அதுவே கைங்கர்யம். இவ்வுண்மையை அறிய மம்சாபுரத்தாராகிய நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. அண்மையிலுள்ள ஸ்ரீவில்லிபுத்தூரில் அவதரித்த தந்தையும் மகளும் இதனை வாழ்ந்து காட்டியுள்ளனர்.

விஷ்ணுசித்தர் வடபத்ரசாயிக்கு நந்தவனம் அமைத்து, நாள்தோறும் மாலை தொடுத்து ஸமர்ப்பித்தவர். எம்பெருமான் நியமனப்படி மதுரை சென்று, வல்லபதேவ பாண்டியனின் சபையில் பரதத்துவத்தை நிர்ணயம் செய்தார். பொற்கிழி தானே தாழ்ந்தது. அரசன் அவரை யானைமீது ஏற்றி நகர்வலம் செய்வித்தான். அதனைக் காணப் பெருமானும் பிராட்டியுடன் கருடன்மேல் எழுந்தருளினான்.

பொருளும் புகழும் வந்தன, ஸேவையும் கிட்டியது. வேண்டிய வரங்களையெல்லாம் கேட்டுப் பெறத்தக்க வேளை அது. ஆழ்வாரோ தமக்கென ஒன்றும் கேட்டிலர். எல்லோரும் காண வந்துவிட்ட இப்பேரழகுக்கு என்ன தீங்கு நேருமோ என்று அஞ்சினார். யானையின் மணிகளையே தாளமாகக் கொண்டு 12 பாசுரங்களால் பல்லாண்டு பாடினார். காக்கப்பட்டவர், காப்பவனுக்கே காப்பிட்டார்! பொற்கிழியையும் பெருமானுக்கே ஆக்கிவிட்டு, மீண்டும் பூக்குடலையைக் கையிலெடுத்தார்.

பின்னர்த் துளசிவனத்தில் கிடைத்த கோதையையும் திருவரங்கனுக்கே மணமுடித்துத் தந்தார். மகளைப் பிரிந்த தாயின் நிலையில் நின்று அவர் பாடிய பதிகம் பெரியாழ்வார் திருமொழியில் உண்டு. அதனைக் கேட்போர் வெறுமையான அத்திருமாளிகையை நினையாதிருத்தல் அரிது. தியாகம் செய்பவருக்கு நெஞ்சு நோகாது என்று எண்ணற்க. நோகும்போதும், ‘இது அவனுடையது’ என்னும் தெளிவு குலையாதிருப்பதே தியாகம்.

இனி, மகளின் நேர்த்தியைக் காண்போம். நாச்சியார் திருமொழியின் ஒன்பதாம் பதிகத்தில், திருமாலிருஞ்சோலை அழகருக்கு 100 தடா வெண்ணெயும் 100 தடா அக்காரவடிசிலும் நேர்கிறாள் ஆண்டாள். ‘நீ தந்தால் நானும் தருவேன்’ என்பது நம் நேர்த்தி. அவளோ, அழகர் வந்து அமுது செய்வாராகில், அதன்பொருட்டே இன்னும் பன்மடங்கு படைத்து அடிமையும் செய்வதாக உரைக்கிறாள். நாம் கொடுப்பதை அவன் ஏற்பதே அவனருள். அவ்வருளுக்குப் பலன், மேலும் கொடுக்கும் பேறு!

பல நூற்றாண்டுகளுக்குப்பின், 1017-இல் அவதரித்த உடையவர் திருமாலிருஞ்சோலை சென்று, சொல்லளவில் நின்ற அந்நேர்த்தியை நிறைவேற்றினார். அவருக்கு அது கடனா? திருப்பாவையை இடையறாது அநுஸந்தித்து ‘திருப்பாவை ஜீயர்’ எனப்பெற்றவர் அவர். அந்த இனிமையைப் பெற்ற நெஞ்சம் சும்மா இருக்குமோ? பின்பு அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தபோது, ஆண்டாள் அவரை அண்ணன் என்றழைத்து எதிர்கொண்டாள் என்பது ஸம்ப்ரதாயச் செய்தி.

ஆஸ்திகப் பெருமக்களே! நோய் தீர்ந்ததற்கும், பயிர் விளைந்ததற்கும், பெண்ணுக்கு மணமானதற்கும் நேர்ந்துகொண்டதைச் செலுத்துகிறோம். மிக நன்று. ஆயினும், ‘கடன் தீர்ந்தது’ என்று வீடு திரும்பினால் அது கைம்மாற்றளவே. ‘ஏற்றுக்கொண்டானே, இனி அவனுக்கு என்ன செய்வோம்!’ என்று நெஞ்சு துடித்தால் அங்கே கைங்கர்யம் பிறக்கிறது. கைப்பொருள் இல்லாதார் வருந்த வேண்டா. ஆழ்வார் கையிலிருந்ததும் பூவும் நாருமே. ஒரு துளசித்தளம், திருமுற்றத்தில் ஒரு கோலம், பசித்து வந்த அடியாருக்கு ஒரு பிடி அன்னம் ஆகிய எதுவும் அவன் திருவுள்ளத்திற்கு உகப்பே.

இவ்வுத்ஸவத்தில் எம்பெருமானை ஸேவிக்கும் ஒவ்வொருவரும், ஆண்டு முழுதும் தவறாது செய்யத்தக்க சிறு கைங்கர்யம் ஒன்றை மேற்கொள்ள வேண்டுமென அடியேன் விண்ணப்பிக்கிறேன்.

சுபம்.