வண்டி மோதி ஓர் உயிர் போய்விட்டால்...

சென்ற மாதம் ஒருநாள் சுப்ஹுத் தொழுகை முடிந்து எல்லோரும் கலைந்த பின்னும் சகோதரர் ஒருவர் மட்டும் தூணோரமாக உட்கார்ந்திருந்தார். அருகில் சென்று ஸலாம் சொன்னேன். “ஹழ்ரத், என் காரில் அடிபட்டு ஒருவர் மவுத்தாகி நாற்பது நாளாகிறது. திருப்பத்தில் வேகத்தைக் குறைக்காமல் விட்டது என் தவறுதான். அவருடைய மனைவி ஆஸ்பத்திரித் தாழ்வாரத்திலேயே ‘நான் மன்னித்துவிட்டேன்’ என்று சொல்லிவிட்டார்கள். இனி என் மீது ஏதேனும் பாக்கி உண்டா?” என்று கேட்டார்.

பாக்கி உண்டு. ஆனால் அதைச் சொல்வதற்கு முன் அவரிடம் நான் கேட்டது, “மோதியதும் என்ன செய்தீர்கள், தம்பி?” என்பதுதான். வண்டியை நிறுத்தி, 108க்குச் சொல்லி, ஆம்புலன்ஸோடு தானும் போய், அன்றே காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்ததாகச் சொன்னார். அல்ஹம்துலில்லாஹ்! மனிதன் தடுமாறும் இடம் இதுவே. கூட்டம் அடித்துவிடுமோ என்று பயந்து ஓட்டிச் சென்றுவிடுகிறவர்கள் உண்டு. உடனே தூக்கியிருந்தால் பிழைத்திருக்கக் கூடியவர் சாலையிலேயே கிடந்து உயிர் விட்டால், மோதியதை வேண்டுமானால் தவறுதல் என்று சொல்லலாம். விட்டுவிட்டு ஓடியதை எப்படித் தவறுதல் என்பது?

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமும் இதையே கடமையாக்குகிறது. அடிபட்டவருக்குச் சிகிச்சை கிடைக்கச் செய்ய வேண்டும். 24 மணி நேரத்துக்குள் போலீஸில் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத வேண்டும். கூட்டத்தின் ஆத்திரத்தால் உண்மையிலேயே அங்கே நிற்க முடியாது போனால், நேரே அருகிலுள்ள காவல் நிலையத்துக்குப் போய்விடுங்கள். கழுத்தோ முதுகோ அடிபட்டவரைக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைப்பதும், மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றுவதும் ஆபத்து. இரத்தம் பீறிட்டால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்திருங்கள். செலவுக்கு யார் பொறுப்பு என்று தயங்கவும் வேண்டாம். 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம், விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் இலவசமாக அளிப்பதற்காக ஏற்பட்டதே. வழிப்போக்கராக நின்று உதவுகிறவர் தம் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை.

இனி அந்தச் சகோதரரின் கேள்விக்கு வருவோம். தவறுதலாக ஓர் உயிரைப் போக்கியவர் மீது இரண்டு கடமைகள் இருப்பதை அந்நிஸா சூராவின் 92ஆம் வசனம் விளக்குகிறது. ஒன்று, குடும்பத்தாருக்குச் சேர வேண்டிய தியத் என்னும் இரத்த ஈட்டுத் தொகை. இது வாரிசுகளின் உரிமை. அவர்கள் தர்மமாக விட்டுக்கொடுத்தால் நீங்கிவிடும். மற்றொன்று கஃப்பாரா. அது அல்லாஹ்வின் உரிமை. அதை எந்த மனைவியும், எந்த மகனும் மன்னிக்க முடியாது. அடிமையை விடுதலை செய்ய இன்று வழியில்லை. ஆகவே இரண்டு மாதம் தொடர்ந்து நோன்பு நோற்க வேண்டும்.

தொடர்ந்து என்பதைக் கவனியுங்கள். காரணமின்றி ஒரு நாளை விட்டாலும், ஐம்பதாவது நாளாயினும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். பெண்களுக்கு மாதவிடாயால் தொடர் அறுபடாது. நடுவில் ரமளானோ, பெருநாளோ, துல்ஹஜ் 11, 12, 13 நாட்களோ குறுக்கிடாத காலமாகப் பார்த்துக் கொள்ளுங்கள். முஹர்ரம் முதல் பிறையில் தொடங்குவது வசதி. அப்போது இரண்டு பிறை மாதங்கள் நோற்றால் போதும், கூட்டினால் 58 நாளே வந்தாலும் சரி.

“அவர் மாற்று மதத்தவராக இருந்தால்?” என்று பலர் கேட்கிறார்கள். நம்மோடு உடன்படிக்கையில் வாழும் சமூகத்தவரையும் அதே வசனம் குறிப்பிடுகிறது. குடும்பத்துக்கு ஈட்டுத் தொகையும் உண்டு, கஃப்பாராவும் உண்டு. நோன்பில் ஒரு நாள் கூடக் குறைவதில்லை.

ஓட்டியவர் மீது குற்றமே இல்லாத விபத்தும் உண்டு. 1993இல் புரூணையில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி, பிறருக்கு நேரும் தீங்குக்கு ஓட்டுநரே பொறுப்பு என்று வைத்து, தடுக்க முடியாத வெளிச் சக்தியாலோ, அடிபட்டவரின் செயலே வலுவான காரணமாக இருந்தோ, மூன்றாமவர் தவறாலோ நேர்ந்ததற்கு விலக்களித்தது. ஆனால் இதை நாமே நமக்குத் தீர்ப்பாக எழுதிக்கொள்ளக் கூடாது. நடந்ததை நடந்தபடி ஓர் ஆலிமிடம் சொல்லிக் கேளுங்கள்.

நடந்தபடி என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. லைசென்ஸ் இல்லாத மகன் ஓட்டியிருப்பான். டிரைவரை அழைத்து, “நீ ஓட்டியதாகச் சொல்லிவிடு, வீட்டைப் பார்த்துக் கொள்கிறேன்” என்பார் வாப்பா. இது பொய்ச் சாட்சி. ஏழையின் தலையில் நம் குற்றத்தைக் கட்டுவது. பதினெட்டு வயதாகாத பிள்ளை ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், 2019ஆம் ஆண்டின் திருத்தத்தின்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. சாவியைக் கொடுக்கும் தாய்மாரும் இதைப் படிக்கட்டும்.

“இறந்தவருக்குப் பிள்ளைகள் உண்டா?” என்று அந்தச் சகோதரரிடம் கேட்டேன். மூவர், மூத்தவளுக்கு ஒன்பது வயது. தாய் தன் பங்கை மட்டுமே விட்டுக்கொடுக்க முடியும். பருவமடையாத பிள்ளைகளின் பங்கை விட்டுக்கொடுக்கத் தாய்க்கோ, பெரிய தந்தைக்கோ, ஜமாஅத் தலைவருக்கோ அதிகாரமில்லை. அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “கடையை விற்றாவது கொடுத்துவிடுகிறேன், ஹழ்ரத்” என்றார். கடையை விற்க வேண்டாம், தவணையாகக் கொடுக்கலாம், தியத்தை மூன்றாண்டில் கொடுக்க ஃபிக்ஹு நூல்களிலேயே இடமிருக்கிறது என்றேன். அன்று மாலையே ஜமாஅத்தில் இருவரை அழைத்துக் கொண்டு அந்த வீட்டுக்குப் போனோம். மூன்று பிள்ளைகளின் பெயரிலும் தனித்தனியே கணக்குத் தொடங்குவதென்று எழுதிக் கையெழுத்தாயிற்று.