வேலூர் வெயிலில் முகம் எடுக்க எந்த லென்ஸ்?

லென்ஸ் வாங்கப் போகிறவர் கடையில் முதலில் கேட்பது, "எதுல பேக்ரவுண்ட் நல்லா ப்ளர் ஆகும்?" என்றுதான். அதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டிய ஒன்று இருக்கிறது. எதிரே நிற்கும் ஆளிடமிருந்து எத்தனை அடி தள்ளி நின்று எடுக்கப்போகிறோம்? முகத்தின் வடிவம் அந்தத் தூரத்தில்தான் தீர்மானமாகிறது. இரண்டடியில் நின்றால் மூக்கு பெருத்துவிடும், காது பின்வாங்கும், நெற்றி வீங்கியதுபோல் தெரியும். ஐந்தாறு அடி தள்ளிப் போனால் அதே முகம் கண்ணாடியில் பார்த்துப் பழகிய அளவுக்கு வந்துவிடும். செல்போனின் முதன்மை லென்ஸ் ஏறக்குறைய 24 முதல் 26 மி.மீ. லென்ஸுக்குச் சமமான அகலப் பார்வை கொண்டது. முகம் நிறையத் தெரியவேண்டும் என்று அதைக் கிட்டே கொண்டுபோவதால்தான் செல்போன் படத்தில் பலருக்கும் தம் முகம் பிடிப்பதில்லை.

ஆக, லென்ஸின் மி.மீ. கணக்கை அடிக் கணக்காக மாற்றிப் பார்ப்பது நல்லது. ஃபுல் ஃபிரேம் கேமராவைச் செங்குத்தாகப் பிடித்து ஒருவரை உச்சி முதல் பாதம் வரை எடுக்க 35 மி.மீ. லென்ஸுக்கு 7 அடி போதும். 50-க்கு 10 அடி, 85-க்கு 16, 135-க்கு 26, 200-க்கு கிட்டத்தட்ட 40 அடி வேண்டும். மார்பளவுப் படம் என்றால் 50-க்கு 3 அடி, 85-க்கு 5, 135-க்கு 8, 200-க்கு 12. இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு நம் ஊர் இடங்களை ஒரு சுற்று பார்த்துவிடலாம்.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் கல்யாண அவுட்டோர் ஷூட் என்றால் போகிற இடங்கள் ஏறக்குறைய எல்லாருக்கும் தெரியும்: கோட்டை, பாலாற்று மணல், ஏலகிரி, அமிர்தி. கோட்டையில் இடத்துக்குக் குறைவில்லை, ஆனால் கூட்டம் உண்டு. ஒரே மதிலுக்குள் ஜலகண்டேசுவரர் கோயில், தேவாலயம், மசூதி மூன்றும் இருப்பதால் ஆள் நடமாட்டம் ஓயாது. 40 அடி தள்ளி நின்றால் இடையில் யாராவது குறுக்கே வருவார்கள். மணமகளிடம் முகத்தைக் கொஞ்சம் திருப்பச் சொல்லக்கூட கத்த வேண்டியிருக்கும். 35-ஐ மாட்டினாலோ 38 டிகிரி அகலத்துக்குப் பின்னணி உள்ளே வந்துவிடும். கருங்கல் மதிலோடு சேர்ந்து நிறுத்திவைத்த பைக்குகளும் ஐஸ்கிரீம் வண்டியும் படத்தில் விழும். 85-க்கு அந்த அகலம் 16 டிகிரிதான். மதிலில் நமக்குப் பிடித்த ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை வெட்டிவிடலாம். 16 அடி என்பது சாதாரணக் குரலில் பேசக்கூடிய தூரமும்கூட. கோட்டையில் என் தேர்வு 85 எஃப் 1.8, வேறு யோசனையே இல்லை. கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பராமரிப்பில் இருப்பதால் முக்காலி வைக்க முன் அனுமதி வேண்டும். எனவே கையில் பிடித்தே வேலையை முடிக்கக்கூடிய எடையில் லென்ஸ் இருப்பது நல்லது.

இதெல்லாம் ஃபுல் ஃபிரேமுக்கு. கையில் இருப்பது சிறிய சென்சார் கொண்ட கிராப் பாடி என்றால் கணக்கு மாறும். நிக்கான், சோனியில் 1.5 மடங்கு, கேனனில் 1.6 மடங்கு. அதாவது 50 மி.மீ. லென்ஸே 75 அல்லது 80 மி.மீ. போல் நடந்துகொள்ளும். பல நிறுவனங்களில் விலை குறைந்த பிரைம் லென்ஸ் அந்த 50 எஃப் 1.8-தான். கேனனின் 50 எஃப் 1.8 எஸ்.டி.எம். 160 கிராம், கழுத்தில் கிடப்பதே தெரியாது. கிராப் பாடியில் 85-ஐ மாட்டினால் அது 135 ஆகிவிடும். ஆம்பூர் கடைத்தெருவில் 26 அடி பின்வாங்க எங்கே இடம்? தொழிலைப் புதிதாகத் தொடங்கும் தம்பி, தங்கைகள் கிட் லென்ஸுக்கு அடுத்ததாக இந்த 50-ஐ வாங்கினால் இரண்டு மூன்று சீசன் அதுவே ஓட்டும்.

ஃபுல் ஃபிரேமில் 50-ஐச் சிலர் முகத்துக்கு ஆகாத லென்ஸ் என்று ஒதுக்குவார்கள். ஹென்றி கார்த்தியே-பிரெஸ்ஸோன் வாழ்நாளில் பெரும்பகுதி 50 மி.மீ. லென்ஸோடுதான் அலைந்தார். 1950 ஏப்ரலில் அவர் இங்கே பக்கத்தில் திருவண்ணாமலையில்தான் இருந்தார். ரமண மகரிஷியின் கடைசி நாள்களைப் படமெடுத்தவர்களில் அவரும் ஒருவர். 50-ஐ வைத்துக்கொண்டு மூன்றடிக்குள் போய் மூக்கைத் துருத்தச் செய்யாமல், இடுப்பளவு, முழங்காலளவு என்று ஆறேழு அடியில் நின்றால் அது அருமையான லென்ஸ்.

இனி வெயில். முகப்பட லென்ஸ் பற்றிய அறிவுரைகள் பெரும்பாலும் மேகம் மூடிய குளிர்நாட்டு வானத்தை மனதில் வைத்து எழுதப்பட்டவை. நம் உச்சி வெயிலில் ஐ.எஸ்.ஓ. 100-இல் எஃப் 16 வைத்தால் ஷட்டர் 1/100 வரும். அதே வெளிச்சத்தில் எஃப் 1.8-க்குத் திறந்தால் 1/8000 வேண்டும். தொடக்கநிலை கேமராக்கள் பலவற்றில் 1/4000-தான் உச்சம். காசு கொடுத்து வாங்கிய எஃப் 1.8-ஐ வெயிலில் திறக்கவே முடியாது, திறந்தால் மணமகளின் பட்டுச்சேலை வெளுத்துப் போகும். வெளிச்சத்தை மூன்று ஸ்டாப், அதாவது எட்டில் ஒரு பங்காக, குறைக்கும் என்.டி. 8 ஃபில்டர் ஒன்று பையில் இருந்தால் 1/8000 என்பது 1/1000-க்கு இறங்கிவிடும். அல்லது கோட்டை மதிலின் நிழலுக்கு ஆளைக் கொண்டுவாருங்கள். திறந்த வானத்தைப் பார்த்த நிழலில் வெளிச்சம் ஏறக்குறைய அதே மூன்று ஸ்டாப் குறைவு. எஃப் 1.4 வேண்டுமா, 1.8 போதுமா என்று குழம்புகிறவர்களுக்கு என் பதில் இதிலேயே இருக்கிறது: இந்த ஊர் வெளிச்சத்துக்கு 1.8 போதும். மிச்சமாகும் பணத்தில் நல்ல என்.டி. ஃபில்டரும் ஒரு ரிஃப்ளெக்டரும் வாங்குங்கள்.

எந்த லென்ஸாலும் தீராத ஒரு சங்கடமும் உண்டு. ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும் வேலூரில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. ஒட்டிய வாரங்களிலும் நிலைமை அதிகம் மாறாது. அப்போது புருவத்தின் நிழல் கண்ணை முழுதாக விழுங்கிவிடும். காலை எட்டுக்குள்ளும் மாலை ஐந்துக்கு மேலும் எடுப்பதென்று வைத்துக்கொள்வதே வழி.

எஃப் 1.8-க்குத் திறந்து எடுப்பதில் இன்னொரு ஆபத்து, குவியத்தின் ஆழம். 85-ஐ எஃப் 1.8-இல் வைத்து ஐந்தடியிலிருந்து முகம் எடுத்தால் தெளிவாக இருப்பது சுமார் மூன்றரை சென்டிமீட்டர்தான். முகத்தைச் சற்றுத் திருப்பியிருந்தால் அருகிலிருக்கும் கண்ணின் இமைமயிர் கூர்மையாக வரும், மூக்குத்தியும் அடுத்த கண்ணும் குழைந்துவிடும். எஃப் 4-க்கு மூடினால் ஏழு சென்டிமீட்டருக்கு மேல் கிடைக்கும். மணமக்கள் இருவரையும் சேர்த்து எடுக்கும்போது எஃப் 4-க்குக் கீழே போகாமல், இருவர் முகமும் ஒரே வரிசையில் இருக்கும்படி நிறுத்துங்கள்.

அப்படியானால் பின்னணி ப்ளர்? அதற்கு ஓர் எளிய கணக்கு. மி.மீ.-ஐ எஃப் எண்ணால் வகுத்தால் லென்ஸ் துளையின் விட்டம் வரும். 50 எஃப் 1.8-க்கு 28 மி.மீ., 85 எஃப் 1.8-க்கு 47, 135 எஃப் 2-க்கு 67, 200 எஃப் 2.8-க்கு 71. ஒரே அளவில் ஆளை எடுக்கும்போது, தொலைவில் இருக்கும் பின்னணி எவ்வளவு கரையும் என்பதை இந்த விட்டமே சொல்லிவிடும். 70-200 எஃப் 2.8 ஜூமை எல்லோரும் ஏன் ஆசையோடு பார்க்கிறார்கள் என்பது இதில் விளங்கும்.

அந்த ஜூமுக்கான இடம் பாலாறு. ஆண்டில் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் அந்த மணல்வெளியில் 40 அடி என்ன, 100 அடிகூடப் பின்வாங்கலாம். பின்னால் இருக்கும் குன்று 200 மி.மீ.-இல் ஆளுக்குப் பின்னே எழுந்து நெருங்கி நிற்கும். 35-இல் அதே குன்று அடிவானத்தில் ஒரு கோடு. ஆனால் வெயில் ஏறியபின் மணலிலிருந்து எழும் கானல் 200-இல் படத்தின் கூர்மையைக் கெடுக்கும், சூடு ஏறுவதற்குள் முடித்துக்கொள்ளுங்கள். கேனனின் டி.எஸ்.எல்.ஆர். 70-200 எஃப் 2.8 கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ. ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப்போய் நாள் முழுதும் அதைத் தூக்கினால் மாலையில் மணிக்கட்டு சொல்லும். மாதத்துக்கு ஓரிரு நாள் தேவைக்கு வாடகைக்கு எடுப்பதே புத்திசாலித்தனம். 135-ஐ நான் அவசரமாக யாருக்கும் சொல்லமாட்டேன், மற்றவை எல்லாம் இருப்பவருக்கான லென்ஸ் அது.

கல்யாணப் படம் மட்டுமே முகப்படம் ஆகிவிடாது. இந்தப் பகுதியின் முகங்கள் தோல் தொழிலில் இருக்கின்றன: ஷூ கம்பெனிக்கு ஷிஃப்டுக்குப் போகும் பெண்கள், தோல் உலர்த்தும் முற்றத்தில் நிற்கும் முதியவர்கள். அவர்களை 85-இல் எடுத்து, பின்னணியைக் கரைத்து, முகத்தை மட்டும் தருவது எனக்கு உவப்பில்லை. எந்த ஊர் ஆள், என்ன வேலை என்பதே போய்விடும். இங்கே 35 எஃப் 1.8 எடுத்துக்கொண்டு ஏழெட்டு அடியில் நின்று, கையும் தோலும் முற்றமும் உள்ளே வரும்படி எஃப் 5.6-இல் எடுங்கள். ஆளைச் சட்டகத்தின் ஓரத்துக்குத் தள்ளாதீர்கள், அகல லென்ஸில் ஓரத்து முகம் இழுபடும். கையை நம்மை நோக்கி நீட்டினால் முகத்தைவிடப் பெரிதாகும். சிலசமயம் அதுவே வேண்டியது, உழைத்த கைதானே. குரோமியத்தில் பதப்படுத்திய வெட் ப்ளூ தோல் அடுக்கின் பக்கத்தில் நின்றால் முகத்தில் இளநீலம் ஏறும். ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் ஒருமுறை வெள்ளைத்தாள் காட்டிச் சரிசெய்துகொள்ளுங்கள். கம்பெனியிடமும் அந்த மனிதரிடமும் அனுமதி கேட்டபிறகே கேமராவை எடுக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

புதிதாக வாங்கப் பணம் போதாவிட்டால் பழையதாக ஒரு 85 எஃப் 1.8 தேடலாம். கேனனில் 1992-இலும் நிக்கானில் 2012-இலும் வந்த 85-கள் இன்றும் நன்றாக வேலை செய்கின்றன. கேனனின் அந்தப் பழைய லென்ஸில் முழுத்துளையில் எடுத்தால் வெள்ளை ஜிப்பா, ஜரிகை ஓரங்களில் ஊதாக்கோடு தெரியும், எஃப் 2.8-க்கு மூடினால் பெரும்பாலும் அடங்கிவிடும். வாங்குமுன் லென்ஸின் முன்னும் பின்னும் மூடிகளைக் கழற்றி, ஒரு பக்கமிருந்து செல்போன் டார்ச் அடித்து மறுபக்கமிருந்து பாருங்கள். சிலந்திவலை மாதிரி மெல்லிய இழைகள் தெரிந்தால் பூஞ்சை, விலை எவ்வளவு குறைந்தாலும் வேண்டாம். ஃபோகஸ் வளையத்தைச் சுழற்றும்போது மணல் அரைபடும் சத்தம் வந்தாலும் வேண்டாம். பிறகு உங்கள் கேமராவிலேயே மாட்டி, கடைக்காரரை ஐந்தடியில் நிறுத்தி எஃப் 1.8-இல் அவர் கண்ணுக்கு ஃபோகஸ் வைத்து எடுத்து, திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். இமைமயிர் கூர்மையாக இருந்தால் பணத்தைக் கொடுத்துவிடலாம்.