ஸ்கேனில் தெரியாத அடிவயிற்று வலி: இடுப்பைத் தளர்த்தச் சில குறிப்புகள்

அருப்புக்கோட்டையில் குழித்தறியில் உட்காருகிறவர், திருச்சுழிப் பக்கம் கரிசல் காட்டில் குத்தவைத்துக் களை எடுக்கிறவர், களத்தில் வற்றலுக்குக் காம்பு கிள்ளுகிறவர், எல்லோருக்கும் இடுப்பு மணிக்கணக்கில் மடங்கியேதான் இருக்கிறது. முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் தொடங்கி, அடிவயிற்றுக்குப் பின்னால் இறங்கி, தொடை எலும்பில் முடிகிற தசை அப்படியே குறுகிப் பழகிவிடும். இடுப்பெலும்பின் உள்சுவரில் இன்னொரு தசை உண்டு. மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் ஆகியவற்றைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகள் அதன் மேலுறையைப் பற்றிக்கொண்டிருக்கின்றன. அதனால் இடுப்பு இறுகும்போது இவையும் சேர்ந்து இறுகக்கூடும். அடிவயிறு இழுக்கும், தொடை இடுக்கு வலிக்கும், உட்கார்ந்தால் கடுக்கும், அடிக்கடி மூத்திரம் முட்டும். ஸ்கேன் எடுத்தால் ஒன்றும் இருக்காது.

"சூடுதான் தாயி, தொப்புள்ல விளக்கெண்ணெய வையி" என்பார்கள் வீட்டில். வைக்கலாம், கெடுதல் இல்லை. ஆனால் இறுகிய தசை வரைக்கும் அது போய்ச் சேராது.

1. முதலில் டாக்டரைப் பாருங்கள். காய்ச்சலோடு வலி, மூத்திரத்தில் ரத்தம், நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், மாதவிலக்கு நின்ற பிறகு உதிரப்போக்கு இருந்தால் தள்ளிப்போடக் கூடாது. நாள் தள்ளிப்போன பெண்ணுக்குத் திடீரென ஒரு பக்கமாகக் கடும் வலி, ஆண்பிள்ளைக்குத் திடீர் விதை வலி, உட்காரும் இடம் மரத்துப்போய் மூத்திரம் கட்டுப்படாமல் போவது, இவற்றுக்கெல்லாம் 108-ஐக் கூப்பிட வேண்டும். கீழே உள்ளவை ஆபத்தில்லை என்று டாக்டர் சொன்ன வலிக்கு மட்டும்.

2. இறுக்கம் இருக்கிறதா என்று வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். பாயில் மல்லாந்து படுத்து, ஒரு முழங்காலை இரு கையாலும் நெஞ்சோடு அணையுங்கள். நீட்டிய காலின் முழங்கால் தரையை விட்டு எழும்பினால் அந்தப் பக்கத்தில், மேலே சொன்ன முதுகெலும்பிலிருந்து தொடைக்கு இறங்கும் தசை குறுகியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். கயிற்றுக் கட்டில் தொய்யும். அதில் பார்த்தால் தெரியாது.

3. தறிக்காரர்கள் அரைமணிக்கு ஒரு தடவை குழியை விட்டு மேலே ஏற வேண்டும். தார் மாற்றுகிற சாக்கில், இழை அறுந்த சாக்கில் ஏறிவிடலாம். நின்று நாலு எட்டு நடந்தாலே போதும். விசைத்தறியில் நிற்கிறவர்கள் ஒரே காலில் பாரம் போட்டுச் சாய்ந்து நிற்காமல் காலை மாற்றிக்கொள்ளுங்கள்.

4. மடித்த சாக்கின் மேல் ஒரு முழங்காலை ஊன்றி, மறு பாதத்தை முன்னால் வையுங்கள். பிட்டத்தை இறுக்கி, முதுகு வளையாமல் உடம்பை மெல்ல முன்னுக்குத் தள்ளினால் தொடை இடுக்கில் ஓர் இழுப்பு தெரியும். 30 விநாடி அப்படியே இருங்கள். பக்கத்துக்கு 2 அல்லது 3 முறை. இழுப்பு தெரியலாம், வலிக்கக் கூடாது. வலித்தால் அவ்வளவு தூரம் போக வேண்டாம்.

5. பிட்டத்துத் தசைக்கு: மல்லாந்து படுத்து ஒரு கணுக்காலை மறு முழங்கால்மேல் போட்டு, கீழ்க்காலை நெஞ்சுப்பக்கம் இழுங்கள். இதுவும் 30 விநாடி.

6. என்னைக் கேட்டால் எல்லாவற்றையும்விட இதுதான் முக்கியம். தரையில் படுத்து, கெண்டைக்கால் இரண்டையும் பிளாஸ்டிக் நாற்காலிமேல் தூக்கிப் போடுங்கள். வயிற்றில் கை வைத்து, கை உயரும்படி மூக்கால் மெதுவாக மூச்சை இழுங்கள். மூச்சு உள்ளே போகும்போது இடுப்புத்தளம் தானாகக் கீழே இறங்கித் தளரும். விடும்போது எதையும் இறுக்கவோ முக்கவோ வேண்டாம். தினமும் 5 நிமிடம், தூங்கப்போகும்முன்.

7. மூத்திரத்தை அடக்குவதுபோல் இறுக்கிப் பிடிக்கும் பயிற்சியை வீடியோ பார்த்து ஆரம்பிக்காதீர்கள். இருமினால் மூத்திரம் கசிகிறது என்றால் அது பெரும்பாலும் தசைப் பலவீனம். அதற்கு அந்தப் பயிற்சி நல்லது. ஏற்கெனவே இறுகிக் கிடக்கிற தசையை மேலும் இறுக்கினால் வலிதான் கூடும். எது நம்முடையது என்பதை இயன்முறை மருத்துவர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

8. குத்தவைப்பது கெட்ட பழக்கம் அல்ல. குத்தவைக்கத் தெரிந்த இடுப்பு நல்ல இடுப்பு. ஒரே இருப்பில் கிடப்பதுதான் வில்லங்கம். களை வெட்டும்போது பாத்திக்குப் பாத்தி இருப்பை மாற்றுங்கள். கொஞ்ச நேரம் ஒரு முழங்காலை ஊன்றி வேலை பாருங்கள். தண்ணீர்க் குடமும் கைப்பிள்ளையும் எப்போதும் இடது இடுப்பிலேயே ஏறுகின்றன. வலது இடுப்புக்கும் முறை கொடுங்கள்.

9. காட்டில் மறைவிடம் இல்லை என்று பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல், வந்த மூத்திரத்தையும் அடக்கிக்கொண்டு வேலை பார்க்கிறார்கள். இந்த வெயிலில் நீர்க்கடுப்புக்கும் மலச்சிக்கலுக்கும் அதுவே போதும். அடக்குகிற நேரமெல்லாம் இடுப்புத்தளம் இறுகியே இருக்கும். நாலு பேராகச் சேர்ந்து துணைக்குப் போய் வாருங்கள். சாப்பாட்டில் கம்பங்கூழும் கீரையும் சேரட்டும். உட்காரும் கழிப்பறை என்றால் காலடியில் ஒரு சிறு முக்காலி போட்டுக்கொண்டால் முக்க வேண்டியிருக்காது.

10. வறுத்த தவிடு அல்லது உப்பைத் துணியில் முடிந்து 15 நிமிடம் ஒத்தடம் கொடுக்கலாம். சூட்டைப் புறங்கையில் பார்த்துக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளும், சர்க்கரை நோயால் உணர்ச்சி குறைந்தவர்களும் டாக்டரைக் கேட்டுவிட்டுச் செய்வது நல்லது.

11. இது பெண்களுக்கு மட்டும் வருகிற தொல்லை இல்லை. விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் வலி என்று போகிற ஆண்களுக்குச் சுக்கிலச் சுரப்பியில் கிருமி என்று மாத்திரை கிடைக்கும். சோதனையில் கிருமியே இல்லாமல் மறுபடி மறுபடி அதே மாத்திரை வந்தால், தசையாக இருக்குமா என்று கேளுங்கள்.

12. நடமாட முடியாத பெரியவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறைச் சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம்.

13. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஒரு துண்டுச் சீட்டு எடுத்துப் போங்கள். எந்தப் பக்கம் வலி, உட்கார்ந்தால் கூடுகிறதா நடந்தால் கூடுகிறதா, கடைசி மாதவிலக்குத் தேதி, மலம் போகையில் வலி உண்டா, தினமும் என்ன வேலை எத்தனை மணி நேரம். தாம்பத்தியத்தின்போது வலி இருந்தால் அதையும் எழுதுங்கள். வரிசையில் பின்னால் ஆள் நிற்கும்போது வாய் வராது. சீட்டை நீட்டினால் டாக்டர் படித்துக்கொள்வார்.