மண்ணுள் மறைந்த இருப்புப்பாதை

கிருஷ்ணகிரி ஒரு மாவட்டத்தின் தலைநகர். ஆயினும் அந்நகரில் இன்று புகைவண்டி நிலையம் இல்லை. புகைவண்டி ஏற விரும்பும் மக்கள் ஓசூருக்கோ, தருமபுரிக்கோ, சோலையார்பேட்டைக்கோ பேருந்தில் சென்றே ஏறவேண்டும். இதைக் கேட்பவர், இவ்வூர்ப் பக்கம் இருப்புப்பாதை ஒருநாளும் வந்ததில்லை என்றே எண்ணுவர். உண்மை அதுவன்று. 1905 ஆம் ஆண்டிலேயே திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் புகைவண்டி ஓடத் தொடங்கியது. முப்பது ஆண்டுகள் ஓடிய பின், 1936 இல் அது நின்றது. வந்த வண்டி போயிற்று. அது வந்த வழியும் மெல்ல மெல்ல மண்ணுள் மறைந்தது.

அக்காலத்தில் கிருஷ்ணகிரி, தருமபுரி, ஓசூர் ஆகிய மூன்றும் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தவை. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும்பஞ்சம் சேலம் மாவட்டத்தையும் விட்டுவைக்கவில்லை. நெல் விளைந்த இடத்திலிருந்து பசித்தவன் இருக்கும் இடத்திற்கு அதைக் கொண்டு சேர்க்க வழி இல்லை. மாட்டு வண்டிகளே இருந்தன; பஞ்ச காலத்தில் மாடுகளுக்கும் தீனி ஏது? மக்களுக்கு முன் மாடுகள் மடிந்தன. பஞ்சத்தின் காரணங்களை ஆராய அமைத்த குழு, வறண்ட பகுதிகளுக்கு இருப்புப்பாதைகளை நீட்டவேண்டும் என்று 1880 இல் பரிந்துரைத்தது. அவ்வாறு பஞ்சக் காப்புப் பாதைகளாகத் தோன்றியவற்றுள் இரண்டு இப்பகுதியில் அமைந்தன. ஒன்று, மேலே கூறிய திருப்பத்தூர்–கிருஷ்ணகிரிப் பாதை. நீளம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். மற்றொன்று, 1906 இல் மொரப்பூருக்கும் தருமபுரிக்கும் இடையே அமைந்த பாதை. அதன் நீளம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். பிந்தியது 1913 இல் பாலக்கோடு, இராயக்கோட்டை வழியாக ஓசூர் வரையில் நீண்டது.

இவை குறும்பாதைகள். இரு தண்டவாளங்களுக்கும் இடையே இருந்த அகலம் இரண்டரை அடி, அதாவது 762 மில்லிமீட்டர். இன்று நாம் காணும் அகலப் பாதையின் அகலம் 1676 மில்லிமீட்டர். குறும்பாதை அதன் பாதியும் இல்லை. இஞ்சின் சிறிது, பெட்டி சிறிது, வேகமும் சிறிது. கடல்மட்டத்திற்கு மேல் 900 மீட்டர் அளவில் இருக்கும் ஓசூரை அடைய, அச்சிறு வண்டி தருமபுரியிலிருந்து ஏறத்தாழ 400 மீட்டர் உயரம் ஏறவேண்டியிருந்தது. அது மூச்சு வாங்கிக்கொண்டு ஏறிய காட்சியை எண்ணிப் பார்க்கலாம்.

பின்னர்ச் சாலைகளில் பேருந்துகள் மிகுந்தன. பேருந்து வீட்டு வாயிலருகே நின்றது. வண்டியோ நிலையத்தில் நின்றது. நாடெங்கும் சிறு பாதைகள் இழப்பில் தள்ளாடிய காலம் அது. கிருஷ்ணகிரிப் பாதை 1936 இல் மூடப்பட்டது. எஞ்சிய ஓசூர்ப் பாதையைப் போர் முடித்துவைத்தது. இரண்டாம் உலகப்போரின்போது இந்தியாவில் கிளைப்பாதைகள் பல பெயர்த்தெடுக்கப்பட்டன. அவற்றின் தண்டவாளங்களும் வண்டிகளும் மேற்காசியப் போர்முனைக்குக் கப்பலேறின. மொரப்பூர்–ஓசூர்ப் பாதை 1941 இல் மூடப்பட்டது. பஞ்சத்தில் சோறு கொண்டுவர இட்ட இரும்பைப் போர் கேட்டு வாங்கிக்கொண்டது எனலாம்.

பாதையைப் பெயர்ப்பவர் எல்லாவற்றையும் எடுத்துச் செல்வதில்லை. தண்டவாளம் விலை மதிப்புடையது, அதை விடார். மரக்கட்டைகளை விறகுக்கேனும் எடுப்பர். ஆனால் தண்டவாளத்தைக் கட்டையோடு பிணைத்த பெரிய ஆணிகள் சில, பிடுங்கும்போது தெறித்து விழும். தண்டவாளத் துண்டுகளை இணைத்த தகடுகளும், திருகாணிகளும், மரைகளும் சரளைக்கல்லினிடையே நழுவும். இவற்றோடு, வண்டி ஓடிய நாளிலேயே விழுந்தவையும் உண்டு: பயணி தவறவிட்ட காசு, பணியாளர் சட்டையின் பித்தளைப் பொத்தான், விளக்கின் உடைந்த மூடி, இஞ்சின் கொட்டிய கரிச்சாம்பல். மழை மண்ணைக் கொணர்ந்து மூடுகிறது. உழவன் ஏர் அதைப் புரட்டுகிறது. ஒரு சாண் ஆழத்தில் அவை கிடக்கின்றன.

மண்ணைத் தோண்டாமலே அவற்றை அறியும் கருவி ஒன்று உண்டு. அதனை மெட்டல் டிடெக்டர் என்பர். உலோகங்காட்டி என்று நாம் வழங்கலாம். நீண்ட கோல் ஒன்றின் அடியில் தட்டுப்போன்ற வட்டம் இருக்கும். அவ்வட்டத்துள் செம்புக்கம்பிச் சுருள் இருக்கிறது. சுருளில் திசை மாறி மாறிப் பாயும் மின்னோட்டத்தைச் செலுத்தினால், அதனைச் சுற்றி மாறி மாறித் தோன்றும் காந்தப்புலம் உண்டாகும். அப்புலம் மண்ணுள் கிடக்கும் உலோகத்தைத் தொட்டால், அவ்வுலோகத்துள்ளும் சிறு சுழல் மின்னோட்டங்கள் எழும். அவை தமக்கென ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும். அதனைக் கருவி உணர்ந்து ஒலி எழுப்பும். கிணற்றில் கூவினால் எதிரொலி வருவதுபோல, காந்தத்தால் கூவி, காந்தத்தால் மறுமொழி பெறும் முறை இது. இதற்கு அடிப்படையான மின்தூண்டலை 1831 இல் பாரடே கண்டறிந்தார். தொலைபேசி கண்ட கிரகாம் பெல், 1881 இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்பீல்டு சுடப்பட்டபோது, அவர் உடலில் புதைந்த குண்டைத் தேட இத்தகைய கருவி ஒன்றைச் செய்தார். கருவி நல்லதே, ஆனால் குண்டு இருக்கும் இடத்தை அது காட்டவில்லை. படுக்கையில் இருந்த இரும்புச் சுருள்வில்களும் மறுமொழி கூறிக் குழப்பின என்பர். கையில் ஏந்தி நடக்கும் கண்ணிவெடி காட்டியைப் போலந்து நாட்டுப் பொறியாளர் கொசாக்கி இரண்டாம் உலகப்போரின்போது அமைத்தார்; 1942 இல் எகிப்தின் எல் அலமைன் பாலைநிலத்தில் அது பயன்பட்டது. எந்தப் போர் ஓசூர்ப் பாதையின் இரும்பை எடுத்துச் சென்றதோ, அந்தப் போரே அதன் மிச்சத்தைத் தேடும் கருவியையும் வளர்த்துத் தந்தது!

கருவி கையில் இருந்தால் போதும் என்று எண்ணுதல் கூடாது. பாதை எங்கே சென்றது என்று முதலில் கண்ணால் அறியவேண்டும். புகைவண்டி செங்குத்தாக ஏறாது, சட்டென வளையாது. ஆதலின் அதன் வழி, பள்ளத்தில் கரை கட்டியும், மேட்டை வெட்டியும் ஒரே சீராகச் செல்லும். வயல்களின் நடுவே காரணமின்றி நீளும் மேடு, ஓடையின் இருபுறமும் நிற்கும் கருங்கல் தூண், எவரும் கொட்டாத இடத்தில் கிடக்கும் உடைகல், இவை பாதையின் அடையாளங்கள். பழைய நில அளவைப் படங்களை உடன் வைத்துக்கொண்டால் ஐயம் நீங்கும். 1918 இல் வெளிவந்த சேலம் மாவட்ட விவரத்தொகுதி போன்ற நூல்களும் துணை செய்யும்.

இங்கே வேடிக்கை ஒன்று உண்டு. புதையலை நாடுவோர், இரும்பைக் கண்டால் ஒலிக்காதவாறு கருவியைத் திருப்பி வைப்பர். துருப்பிடித்த ஆணிக்காக அவர்கள் குனிய விரும்புவதில்லை. பொன்னும் வெள்ளியுமே அவர்கள் நாட்டம். பாதையைத் தேடுபவனுக்கோ இரும்பே பொன். அவன் மற்றவர் ஒதுக்கும் ஒலிக்குச் செவி கொடுக்கவேண்டும். அது எளிய வேலையன்று. இப்பகுதிச் செம்மண்ணில் இரும்புச்சத்து கலந்திருத்தலால் மண்ணே சிலவிடங்களில் முணுமுணுக்கும். 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்த பின் ஓசூரைச் சுற்றிக் கம்பித்துண்டு, தகடு, சோடாமூடி முதலியவை எங்கும் சிதறிக் கிடக்கின்றன. அங்கே கருவி ஓயாமல் ஒலிக்கும். ஒலிகளுள் எது பழையது என்று அறிவதற்குப் பொறுமை வேண்டும்.

ஓர் ஆணி கிடைத்தது என்று வைத்துக்கொள்க. அதை எடுத்துத் துடைத்து வீட்டு அலமாரியில் வைத்தால், அது ஓர் ஆணி, அவ்வளவே. எந்த இடத்தில், எவ்வளவு ஆழத்தில், எதன் அருகே கிடைத்தது என்று குறித்து வைத்தால், அது பேசத் தொடங்கும். இருபது ஆணிகள் கிடைத்த இடங்களைப் படத்தில் புள்ளியிட்டு இணைத்தால் மறைந்த பாதை கோடாக எழும். ஆணிகளும் மரைகளும் ஓரிடத்தில் குவியலாகவும், கரிச்சாம்பல் தடித்த படையாகவும் இருந்தால், அங்கே வண்டி நெடுநேரம் நின்றது, நிலையமோ பணிமனையோ இருந்தது என்று கருதலாம். பொருளினும் அது கிடந்த இடமே பெரிது. இடத்தைக் குறிக்காமல் எடுப்பவன், நூலைப் படிக்காமல் அதன் எழுத்துகளைப் பெயர்த்தெடுப்பவனை ஒப்பான்.

இதற்குச் சான்று அதே மாவட்டத்தில் இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்து மயிலாடும்பாறையில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை அகழ்ந்தபோது இரும்புக் காலத்துச் சான்றுகள் கிடைத்தன. அவற்றுள் ஒன்றின் காலம் கி.மு. 2172 என்று 2022 இல் அறிவிக்கப்பட்டது. நாலாயிரம் ஆண்டுகட்கும் மேற்பட்ட அக்காலத்தை அறிஞர் எவ்வாறு கண்டனர்? இரும்பைப் பார்த்து அன்று. இரும்பு கிடைத்த மண்படையிலேயே உடன் கிடைத்த கரியைச் சோதித்துக் கண்டனர். இரும்பை மட்டும் எவரேனும் முன்னமே தோண்டி எடுத்துப் போயிருந்தால், அது துருப்பிடித்த துண்டு என்பதன்றி வேறொன்றும் நமக்குத் தெரிந்திராது. நடுகற்களும் ஈமக்கற்களும் நிறைந்த இம்மாவட்டத்தில், நூறாண்டுப் பழமையுடைய பாதையைத் தேடிச் செல்பவனின் கோலடியில் ஈராயிரம் ஆண்டுப் பழமை ஒலிக்கக்கூடும். அப்போது அவன் கை தாழ்த்தி நிற்கவேண்டும். தோண்டுதல் அவன் வேலையன்று.

சட்டமும் அதையே கூறுகிறது. 1878 ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் மண்ணில் கிடைத்தால், கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்துமூலம் தெரிவித்தல் வேண்டும். பத்து ரூபாய் என்பது அக்காலத்துப் பத்து ரூபாய். சட்டத்தில் அத்தொகை நின்றுவிட்டது. 1972 ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம், நூறாண்டு கடந்த வரலாற்றுப் பொருள்களைத் தொல்பொருள் என்று கொள்கிறது. 1905 இல் அடித்த ஆணிக்கும் இப்பொழுது நூறு வயது கடந்துவிட்டது! இருப்புப்பாதைக்கு உரிய பொருள்களை முறையின்றி வைத்திருத்தல் குற்றம் என்று 1966 ஆம் ஆண்டின் சட்டம் ஒன்று உண்டு. வண்டி ஓடாத நிலம் உடைமையாளர் இல்லாத நிலம் என்று கருதுதல் தவறு. இங்கிலாந்திலும் வேல்சிலும் இத்தேட்டம் பலருக்குப் பொழுதுபோக்கு. ஆயினும் 1997 முதல், கண்டெடுத்தவர் தம் பொருளையும் அது கிடைத்த இடத்தையும் தாமே முன்வந்து பதிவு செய்யும் ஏற்பாடு அங்கே நடக்கிறது. பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட பொருள்கள் அவ்வாறு பதிவாகியுள்ளன. நம் நாட்டில் அத்தகைய ஏற்பாடு இருந்தால் நல்லது.

பாதை இருந்த இடத்தை அறிதல் வெறும் பழங்கதை ஆர்வம் அன்று. நாடு விடுதலை பெற்ற பிறகு சேலத்திற்கும் பெங்களூருக்கும் இடையே தருமபுரி, ஓசூர் வழியாக மீட்டர் பாதை அமைந்து, பின்னர் அகலப் பாதையாயிற்று. ஓசூர் மீண்டும் வண்டியைக் கண்டது. மொரப்பூர்–தருமபுரி இணைப்புக்கோ மக்கள் பல்லாண்டு காத்திருந்தனர். 2019 இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஆனால் பழைய வண்டி சென்ற நிலத்தில் இடையிடையே வீடுகளும் தெருக்களும் எழுந்துவிட்டமையால், புதிய பாதை பழைய தடத்திலேயே செல்ல இயலாத நிலை நேர்ந்தது. எண்பது ஆண்டுகளில் ஒரு தடம் அவ்வளவு மறைந்துவிட்டது. கிருஷ்ணகிரி மக்கள் தம் ஊருக்குப் புகைவண்டி வேண்டும் என்று இன்றும் கேட்டுவருகின்றனர்.

ஓசூரைச் சுற்றி ஆண்டுதோறும் மேடுகள் சமமாகின்றன, பள்ளங்கள் நிரம்புகின்றன, மனைகளுக்கு எல்லைக்கல் நடுகின்றனர். பொக்கலைன் எந்திரம் ஒருநாள் வேலை செய்தால், நூறாண்டு நின்ற கரை மாலையில் இராது. மண்ணிடம் கேட்பதற்குக் கருவி உண்டு. மனிதரிடம் கேட்பதற்கு அதுவும் வேண்டா. 1941 இல் பத்து வயதுச் சிறுவராய் நின்று அக்கடைசி வண்டியைக் கண்டவர்க்கு இப்பொழுது வயது தொண்ணூறைக் கடந்திருக்கும். பாலக்கோட்டிலும் இராயக்கோட்டையிலும் அத்தகையோர் ஓரிருவரேனும் திண்ணையில் அமர்ந்திருத்தல் கூடும்.